தொம்மென்று ஒரு தரையிறக்கம்

நான் விமானத்தை இறக்கிய இறக்கில், கொட்டிக்கொண்டிருந்த மழை ஒரு நிமிடம் நின்று, என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடியும் பெய்தது. குளமாகக் கிடந்த ஓடுபாதையில் பாதித் தூரம்கூடப் போகாமல் வண்டியை நிறுத்தினேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்கிறேன். ஆரம்பித்தாலே என் மனைவி அடுப்படிக்கு எழுந்து போய்விடுகிறாள்.

அவளுக்கு விமானி என்றால் அவள் அக்கா கணவர்தான். நானும் அந்தச் சகலையும் ஒரே சின்னக் கம்பெனியில் நாலு பேர் உட்காரும் விமானம் ஓட்டினோம். பார்சல், பத்திரிகைக் கட்டு, எப்போதாவது ஓர் அவசர நோயாளி. அவர் இறக்கினால் சக்கரம் தரையைத் தொட்டதே தெரியாது. அதனால் அவர் 'பஞ்சு'. நான் இறக்கினால் விமானம் நிறுத்தும் ஹேங்கர் சுவரில் மாட்டிய ஸ்பேனர் எல்லாம் கீழே விழும். அதனால் நான் 'தொம்'.

"பெரிய மாப்பிள்ளை இறக்கினப்ப நான் தூங்கிட்டிருந்தேன்" என்று மாமியார் எல்லாக் கல்யாணத்திலும் சொன்னார். என் விமானத்தில் வந்தபோது பல்செட் மடியில் விழுந்ததை அதைவிட உரக்கச் சொன்னார். "அத்தானுக்குச் சட்டைகூடக் கசங்காது" என்பாள் என் மனைவி. என் வயிற்றில் எரிந்ததைப் பெட்ரோல் டாங்கியில் பிடித்திருந்தால் உலகத்தை இரண்டு தரம் சுற்றி வந்திருக்கலாம்.

ஒரு மழைக்காலத்தில் முதலாளி எங்களைக் கூப்பிட்டார்.

"ஒரு விமானத்தை வித்தாச்சு. இனி ஒரு பைலட் போதும். இந்த மழையில யார் ஒழுங்கா இறக்கறீங்களோ அவர் இருக்கட்டும். ஒருத்தர் ஓட்டறப்ப இன்னொருத்தர் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க. என்னை ஏறச் சொல்லாதீங்க."

அவருக்கு மாடிப்படி ஏறினாலே தலை சுற்றும்.

முதலில் பஞ்சு. பாதைக்கு மேலேயே மிதந்து மிதந்து வந்து, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் விட்டார். பொறாமையில் எனக்குக் கண் கலங்கியது. அப்புறம்தான் உறைத்தது, வண்டி நிற்கவில்லை. சக்கரம் தரையில் இல்லை, தண்ணீர்மேல் இருந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். மிதிக்க மிதிக்க வழுக்கியது. பாதை முடிந்து, புல்லுக்குள் புகுந்து, வேலிக்கு மூக்கை நீட்டிக்கொண்டு நின்றோம்.

"இந்தத் தண்ணியில யாராலயும் நிறுத்த முடியாது" என்றார்.

"வழுக்கினதும் அழகாத்தான் இருந்துச்சு, சகலை."

உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மெக்கானிக் சக்கரம், பிரேக் எல்லாம் பார்த்துத் தலையாட்டியதும் என் முறை. மழை இன்னும் வலுத்திருந்தது. கீழே இறங்கும்போது சகலை இருக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா வைங்க, சகலை."

"மெதுவா வெச்சா என்ன ஆகும்னு இப்பதானே காட்டுனீங்க."

வேகத்தை நன்றாகக் குறைத்தேன். மிதக்க விடாமல், பாதையின் தொடக்கத்திலேயே போட்டேன். தொம். சக்கரம் தண்ணீரைக் கிழித்துத் தரையைக் கடித்தது. பாரம் முழுதும் சக்கரத்துக்கு வரும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகே பிரேக்கை இதமாக அழுத்தினேன். நின்றது. பாதிப் பாதை முன்னால் காலியாகக் கிடந்தது. சகலையின் மூக்குக்கண்ணாடி மோவாயில் தொங்கியது.

ஆபீஸ் ஜன்னலில் மழையைத் தவிர எதுவும் தெரியவில்லை. முதலாளி எதையும் பார்த்திருக்கவில்லை; பஞ்சு புல்லுக்குள் போனது மட்டும் மெக்கானிக் சொல்லித் தெரிந்திருந்தது.

"பாதியிலயே நிறுத்திட்டேன், சார்" என்றேன்.

"பஞ்சே புல்லுக்குப் போயிட்டாரு. நீங்க பாதியில நிறுத்தினீங்க?" அவர் சிரித்துவிட்டு, சகலையிடம் திரும்பினார். "கூட இருந்தது நீங்கதான். நீங்க சொல்றதுதான்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை அவருக்கு. ஆமென்றால் அவர் வீட்டுக்கு. சகலை கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். அந்த நிதானத்தின்மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

"இந்தத் தண்ணியில வண்டி நிக்காதுன்னு இவர்கிட்ட நான்தான் சொன்னேன்" என்று ஆரம்பித்தார்.

"சொன்னது தப்பு, சார். நின்னுச்சு. பாதியைத் தாண்டலை."