சுவரில் எண்பத்தொன்று

மனிதகுலத்தின் வரலாறே ஈரத்துக்கு எதிராக மனிதன் நடத்திய போரின் வரலாறுதான்... மாப்பிள்ளை வீட்டார் அறைக்குள் வந்ததும் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் காலிதீன் கதிரையில் இருந்தபடி எண்ணிக்கொண்டார், எதிரே சுவரில் மகன் நஸீம் டோஹாவிலிருந்து அனுப்பிய ஸ்மார்ட் தெர்மோஸ்டாட், ஈரப்பதன் எண்பத்தொன்று, காலையிலும் எண்பத்தொன்று, ஏசி உறுமுகிறது, ஜன்னலெல்லாம் பூட்டு, ஆனாலும் மூலையில் குறுக்காக நிற்கும் அலுமாரிக்கு மேலே கறுத்த பூஞ்சணம் ஏறிக்கொண்டே போகிறது... பெண்ணைப் பிடித்துவிட்டது அவர்களுக்கு, இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டைப் பார்க்க வருகிறார்கள், கலியாணத்தோடு வீடு மகள் பஸ்மினாவுக்கு, மாப்பிள்ளை வந்து குடியிருப்பான், அவரும் அப்படித்தான் மனைவி றஹீமாவின் வீட்டுக்கு ஒரு பெட்டியோடு வந்தவர், போன வரன் இந்த மூலையைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனது, அன்று பஸ்மினா கோப்பைகளைக் கழுவினாள்...

“வாப்பா, ஜன்னலத் தொறந்து உடட்டா? புழுங்கின மணம் அடிக்கி.”

“கடக் காத்துல உப்பும் ஈரமும் மகள். விஞ்ஞானம் வேல செய்யக்குள்ள குறுக்க வராத.”

விஞ்ஞானம் எண்பத்தொன்றிலேயே நின்றது. நஸீம் போனில் சொன்னான், “அது சரியாத்தான் காட்டுது வாப்பா. அறைக்குள்ள எங்கயோ ஈரம் கிடக்கு, தேடுங்க.” தேடுவதா, பள்ளிவாசல் முன்றலில் ஈரப்பதன் பற்றி விளக்கம் கொடுத்தவன் தன் அறைக்குள் தேடுவதா... றஹீமா மௌத்தாகி அடக்கம் முடிந்த அன்றும் இதே கதிரைதான், ஆட்கள் வந்து கையைப் பிடித்தார்கள், கை வேறு யாருடையதோ போல் கிடந்தது, அழுகை வரவில்லை, இன்னும் வரவில்லை, சோறு வந்தது, துவைத்து மடித்த சாறன் அலுமாரிக்குள் வந்தது, எல்லாம் முன்போலவே வந்தது, எங்கிருந்து வந்தது... ஒருமுறை றஹீமா கேட்டாள், “இஞ்ச பாருங்க, முத்தத்துல உடுப்புக் காயப்போடக் கொடி கட்டினா என்ன?” அவர் சொன்னார், “அதிபர்ர ஜங்கிய ரோட்டால போற புள்ளைகள் பார்த்தா மறுகா நான் எப்பிடி அசெம்பிளில நிக்கிற?” அவள் சிரித்தாள், “அதிபருக்கு ஜங்கி இரிக்கிறது ரகசியமா?” அதற்குப் பிறகு அவருடைய உள்ளாடைகளை எங்கே காயப்போட்டாள்? இத்தனை வருஷம்... ஒருநாளும் கேட்கவில்லையே.

வாசலில் வேன் நின்றது. காலிதீன் எழுந்து பூஞ்சணம் ஏறிய அந்த மூலை அலுமாரியைத் தள்ளினார், அதன் கால்கள் தரையில் கிறீச்சிட்டன. பின்னால், மூலையின் இரு சுவர்களுக்கும் இடையே ஒரு கொடி, ஒரு முனையில் றஹீமாவின் பழைய முந்தானைக் கிழிசலால் போட்ட முடிச்சு, அதைத் தொட்டுப் பார்த்தார், ஈரம்தான், வேறொன்றும் தோன்றவில்லை... வேறு ஏதாவது தோன்ற வேண்டுமா?

“உம்மா காட்டித் தந்த இடம் வாப்பா,” என்றாள் பஸ்மினா, மெல்ல. “நீங்க வெளிய போட வேணாமெண்டு சொன்னீங்களாம்.”

மாப்பிள்ளையின் தாய் சரீபா ஸலாம் சொல்லிக்கொண்டே அறை வாசற்படியில் நின்றாள். கொடியில் அவருடைய ஜங்கிகள் தொங்கின. இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன.