முக்திநாத் தீர்த்தம்

யாத்திரை போய் வந்தவர் காலில் வயது பார்க்காமல் விழுவது அந்த வீட்டு வழக்கம். அதனால் மூத்த மருமகள் உஷாராணி, தன் ஓரகத்தி சாரதாமணியின் காலில் விழ வேண்டியதாயிற்று.

நேபாளத்து முக்திநாத்துக்குப் போக வேண்டும் என்று உஷாராணி வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சாரதாமணி யாரிடமும் சொல்லாமல் டிக்கெட் எடுத்தாள், போய் வந்தாள், குமாரபாளையத்தில் தெருவையே கூப்பிட்டு விருந்தும் வைத்தாள்.

"குளிரு அப்படியே காலக் கடிக்குதுங்கக்கா. உங்க முட்டிக்கெல்லாம் ஆகாது" என்றபடி பிளாஸ்டிக் கேனிலிருந்து உஷாராணியின் உள்ளங்கையில் தீர்த்தம் விட்டாள்.

இவள் ஊற்றி நான் குடிப்பதா? உஷாராணி கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாய் வரை கொண்டுபோய், முந்தானையில் துடைத்துக்கொண்டாள். யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு நாளில் தெருவில் பாதிப் பேருக்குப் பேதி. உஷாராணியின் கணவர் முருகானந்தத்துக்கும் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது. காலரா என்று தெரிந்ததும் சுகாதார ஆய்வாளர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"வழியில யாருக்காவது வயித்தால போச்சாம்மா?"

"கோரக்பூர்ல எனக்குக் கொஞ்சம் போச்சுங்க. அப்பவே நின்னுருச்சு" என்றாள் சாரதாமணி.

"விருந்துக்கு வந்தவங்களுக்குக் குடுத்த தீர்த்தத் தண்ணியக் கொதிக்க வெச்சீங்களா?"

"தீர்த்தத்த யாருங்க கொதிக்க வெப்பாங்க? எங்கக்காவுந்தான் குடிச்சாங்க. பாருங்க, கல்லாட்டம் நிக்கறாங்க. கோளாறு விருந்துல ஊத்துன மோர்லதானுங்க. சமையக்காரனக் கேளுங்க."

ஆய்வாளர் திரும்பினார். "நீங்களும் குடிச்சீங்களாம்மா?"

"ம்."

அவர் சமையல்காரரின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

குடிக்கவில்லை என்றால், ஏன் என்பார்கள். அந்தக் கேள்விக்கு உஷாராணியிடம் ஒரே பதில்தான் இருந்தது. இன்னும் நாலு பேர் படுத்தால் சாரதாமணியின் யாத்திரைப் பேச்சை யாரும் எடுக்கமாட்டார்கள் என்றுகூட மனம் ஒரு கணம் நினைத்தது. நினைத்ததும் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சாரதாமணி மிச்சத் தீர்த்தத்தை ஒரு பாட்டிலில் பிடித்து மகன் கௌதமனிடம் நீட்டினாள். "ஃபேர்லேண்ட்ஸ் போயி உங்கக்கா ஷாலினி வீட்டுல குடுத்துரு சாமி. கொழந்த நாக்குல ரெண்டு சொட்டு வெக்கச் சொல்லு."

உஷாராணி பாட்டிலைப் பிடுங்கினாள்.

"நான் குடிக்கல சாரதா."

"என்னக்கா சொல்றீங்க?"

"முந்தானையில தொடச்சுட்டேன். நீ போயிட்டு வந்தது எனக்குப் பொறுக்கல."

வண்டியில் ஏறப்போன ஆய்வாளர் அதைக் கேட்டுத் திரும்பி வந்து கேனையும் பாட்டிலையும் வாங்கிக்கொண்டார். "வேற யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

சாரதாமணி அவசரமாகப் போனை எடுத்தாள். "சங்ககிரியில எங்கூடப் பொறந்த பெரிய அக்காவுக்கு... நேத்து குடுத்துவுட்டேனுங்க."

பதற்றத்தில் அவளுக்கு நம்பர் அகப்படவில்லை. உஷாராணி போனை வாங்கி அந்த அக்காவைக் கூப்பிட்டாள். எதிர்முனையில் வசந்தாமணி எடுத்தாள்.

"உஷாராணி பேசறேனுங்க. அந்தத் தீர்த்தத்த யாரும் குடிச்சுராதீங்க. மூடியே தொறக்காதீங்க."

"ஏனுங்க? எந் தங்கச்சி போயிட்டு வந்ததுல உங்களுக்குப் பொறாமையாக்கும்?"

"ஆமாங்க, பொறாமைதான்" என்றாள் உஷாராணி. "தொறந்துட்டீங்களா, இல்லியா? அதச் சொல்லுங்க."