இன்னும் நூற்று நாற்பது ஆண்டுகள்

மாரிசெல்வி தன் கணவனை விழித்த கண்ணோடு பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். அவளுக்கு ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி, காலை ஷிப்ட். விடியுமுன் ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ் ஏறினால் வீடு திரும்ப மாலை மூன்றரை ஆகும். வேல்ராஜுக்கு மறைமலை நகரில் கார் கம்பெனி, மதிய ஷிப்ட். அவள் வரும்போது அவன் போயிருப்பான். அவன் வரும்போது அவள் அசந்து தூங்கியிருப்பாள். கல்யாணமான பத்து மாதத்தில் ஏழு மாதம் இப்படியே ஓடிவிட்டது.

ஆகவே இருவரும் கம்ப்யூட்டருக்குள் குடித்தனம் நடத்தினார்கள்.

வேல்ராஜ் பழசாக வாங்கி வந்த கம்ப்யூட்டர் அது. அதில் ஒரு விளையாட்டு. பழங்கால நாகரிகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காடு வெட்டி, வயல் போட்டு, ஊர் கட்டி, படை திரட்டி எதிரியை அழிக்க வேண்டும். காலையில் அவன் ஆடிச் சேமித்து வைத்துவிட்டுப் போவான். மாலையில் அவள் அதே ஊரை விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

அவர்கள் எடுத்தது 'இந்தியர்'. முதல் ஞாயிறே மாரிசெல்விக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எல்லா வீட்டு உச்சியிலும் வெங்காயம் கவிழ்த்த மாதிரி ஒரு குவிமாடம். ஆளைக் கூப்பிட்டால் இந்தி போல ஏதோ சொன்னான்.

"ஏங்க, நம்ம சங்கரன்கோவில்ல எந்தக் காலத்துல ஒட்டகத்துல ஏறிச் சண்டைக்குப் போனாவ?"

"செஞ்சவன் நம்ம ஊரைப் பாத்தானாக்கும்? சீனாக்காரனும் அவன் ஊரைப் பாத்து இதையேதான் சொல்லுவான். நீ வயலைப் போடு."

இன்னொன்றும் அவளை உறுத்தியது. அந்த ஊரில் யாருக்கும் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. உணவு போதுமான அளவு சேர்ந்தால் ஊர் மண்டபத்திலிருந்து முழு ஆளாகவே வெளியே வந்தார்கள். வந்ததும் மரம் வெட்டப் போனார்கள். அவர்களுக்கு ஷிப்ட் முடிவதே இல்லை.

ஒரு திங்கட்கிழமை அவள் ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் வேலையிலிருந்து பிரித்து, ஆற்றங்கரையில் ஒரு வீடு கட்டி, அதன் வாசலில் சும்மா நிறுத்தி வைத்தாள். இருவர் வேலையில்லாமல் நிற்கிறார்கள் என்று திரையின் ஓரத்தில் ஒரு மணி மின்னிக்கொண்டே இருந்தது. மறுநாள் பார்த்தால், வேல்ராஜ் அவர்களை வேலைக்கு அனுப்பவில்லை. அந்த வீட்டைச் சுற்றி வேலி போட்டிருந்தான்.

அன்றிலிருந்து அதுதான் அவர்களுடைய பேச்சு. அவன் ஆற்றில் மீன்பிடிப் படகு விட்டால், அவள் கரையில் மரம் நட்டாள். எதிரியின் கடைசிக் கோட்டையை மட்டும் அவன் இடிக்கவே இல்லை. இடித்தால் ஆட்டம் முடிந்துவிடும், ஊரும் போய்விடும்.

வீட்டுக்காரம்மா கனகம் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "இன்னாம்மா இது, ஒரே வூட்ல இருந்துகினு லெட்டர் போட்டுக்கிறா மாதிரி கீது!"

ஆவணியில் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் வேலை வந்தது. மூன்று வாரம் அவன் குரலைப் போனில் மட்டும் கேட்டவள், வெள்ளிக்கிழமை மாலை ஊரில் இருந்த கல்லையும் பொன்னையும் மொத்தமாகப் போட்டு 'அதிசயம்' என்ற கட்டிடத்தைக் கட்டினாள். அடுக்கடுக்காக ஏறும் கோபுரம். உச்சியில் மட்டும் அதே வெங்காயம். இருந்தாலும் அந்த ஊரிலேயே அதுதான் கொஞ்சம் சங்கரன்கோவில் சாயலில் இருந்தது. அவன் காலையில் பார்த்து மலைத்துப் போகட்டும் என்று நினைத்தாள்.

கடைசிக் கல் ஏறியதும் திரையின் மேலே ஒரு கடிகாரம் முளைத்தது. அதிசயம் இருநூறு ஆண்டுகள் இடியாமல் நின்றால் வெற்றி. ஆட்டம் முடிந்துவிடும்.

கண்ணெதிரே ஆண்டுகள் நொடி நொடியாக உதிர்ந்தன. பதறிப்போய்ச் சேமித்து மூடியபோது மீதி நூற்று நாற்பது. தன் கையால் கோபுரத்தை இடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. இடிக்காவிட்டால் ஆற்றங்கரை வீடு போய்விடும்.

சனிக்கிழமை கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் அவள் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. இடித்திருப்பாரோ? இல்லை, தெரியாமல் ஓடவிட்டு முடித்திருப்பாரோ? டீ நேரத்தில் இருமுறை கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை.

மூன்றரைக்கு வீட்டுக்கு வந்தால், வாசலில் அவன் செருப்பு கிடந்தது.

உள்ளே வேல்ராஜ் டீ போட்டுக்கொண்டிருந்தான். விழித்திருந்தான். மோவாயில் வெட்டுக்காயம் ஒன்று ஆறியிருந்தது. அது எப்போது பட்டதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"வேலைக்குப் போகலியா?"

"கூட வேலை பாக்குற ஜெபகுமார்ட்ட ஷிப்ட் மாத்திக்கிட்டேன். நாளைக்கு ஞாயிறு என் ஓவர்டைமோட அவன் ஷிப்டையும் சேத்து நான் பாக்கணும்."

"கோபுரம்?"

"நிக்கி. இடிக்கத்தான் உக்காந்தேன். முடியல. முடியத்தான் போகுதுன்னா ரெண்டு பேருமா இருந்து பாப்போமேன்னு தோணுச்சு."

ஒரே நாற்காலியில் நெருக்கி அமர்ந்தார்கள். நூற்று நாற்பது ஆண்டு என்றால் பத்து நிமிடம்தான். பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தி, அவன் ஊரைச் சுற்றிக் காட்டினான். "இந்தப் படகு நீ அழுதியாமே, அன்னைக்கு விட்டது. கனகம் அக்கா சொன்னாவ." "இந்த மரம் உங்களுக்குக் காய்ச்சல் அடிச்சப்ப நட்டது," என்றாள் அவள். டீ ஆறிப்போனது. வெளிச்சம் மங்கும்வரை அந்தப் பத்து நிமிடத்தை நீட்டினார்கள். கடைசி மூன்று ஆண்டுகளை மட்டும் அவள் நிறுத்தாமல் விட்டாள்.

வெற்றி என்று எழுத்து வந்தது. பிறகு ஒரு பட்டியல்: கொன்ற எதிரிகள், சேர்த்த பொன், வெட்டிய மரம். ஆற்றங்கரை இருவரைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

மாரிசெல்வி அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "அடுத்த தடவை கோபுரமே கட்ட மாட்டேங்க."

"கட்டு," என்றான். "நீ கட்டுனாத்தான் நான் வீட்டுல இருப்பேன்."

புது ஆட்டம் திறந்தது. பதினெட்டு நாகரிகங்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. அவள் மறுபடியும் இந்தியரையே தொட்டாள். மரம் வெட்டக் காத்திருந்தவர்களில் இருவரைப் பிரித்து ஆற்றங்கரைக்கு அனுப்பினாள். திரையின் ஓரத்தில் மணி மின்னத் தொடங்கியது.