நாற்பது பக்கமும் திறக்கவில்லை

பதினொரு மணிக்கு வெளித்தேர்வாளர் வந்துவிடுவார். நாற்பது மாணவர்கள் செய்த நாற்பது வலைப்பக்கங்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. எதைச் சொடுக்கினாலும் 'அனுமதி இல்லை' என்ற ஒரே வரி. தென்காசியில் எங்கள் கல்லூரியின் கணினி ஆய்வகத்துக்கு நான்தான் பொறுப்பு. கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது.

"இந்த சுபாஷ் பய வேலைதான்! போன வருசமும் சர்வர்ல கைவச்சவன். நீ பரீட்சை எழுத வேண்டாம்லே, வெளிய போ!" என்று கத்திவிட்டேன். இறுதியாண்டு செய்முறைத் தேர்வு. விட்டால் அவனுக்கு ஒரு வருடம் போச்சு. அவன் வராந்தாவில் போய் நின்றான்.

நானே சரிசெய்கிறேன் பேர்வழி என்று, பக்கங்கள் இருந்த ஃபோல்டர்களையெல்லாம் எல்லோருக்கும் திறந்துவிட்டேன். ஊஹூம், அசையவில்லை. எங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேல்விழிக்குப் போன் போட்டேன். அச்சன்புதூரிலிருந்து தூறலில் நனைந்தபடி ஸ்கூட்டியில் வந்தாள்.

வந்தவள் வலைப்பக்கத்தைத் தொடவே இல்லை. மேலிருந்து ஒவ்வொரு ஃபோல்டராக, யாருக்கு என்ன அனுமதி என்று பார்த்துக்கொண்டே இறங்கினாள். என்ன நிதானம்! நான் அரை மணி நேரம் முட்டி மோதியதை இரண்டே நிமிடத்தில் பிடித்துவிட்டாள்.

"சார், உள்ள இருக்க ஃபோல்டரைத் தொறந்துட்டீங்க. அதுக்கு வெளிய இருக்க, ஒவ்வொரு பையனோட ஹோம் ஃபோல்டரும் பூட்டிக் கெடக்கு. தெருக்கதவைப் பூட்டிட்டு அடுக்களையைத் தொறந்து வச்சா யாரு வர முடியும்?"

ஹோம் ஃபோல்டருக்குக் கடந்துபோக மட்டும் அனுமதி கொடுத்தாள். உள்ளே என்னென்ன இருக்கிறதென்று யாரும் எட்டிப் பார்க்க முடியாது. நான் அகலத் திறந்ததையும் பார்க்க மட்டும் முடிகிற மாதிரி குறுக்கினாள். "இப்படிப் போட்டா எவன் வேணாலும் எழுதிட்டுப் போயிருவான் சார்." நாற்பதும் திறந்தன. அடேயப்பா, கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

அதற்குள் முதல்வரும் வந்துவிட்டார். "எவன் பூட்டினான்னு பாரும்மா" என்றேன் விறைப்பாக.

அவள் திரையை என் பக்கம் மட்டும் திருப்பினாள். பூட்டிய நேரம் சனிக்கிழமை மாலை நாலு பத்து. என் பெயரில் உள்ள சர்வர் கணக்கு, நான் அடித்த கட்டளை. அன்று அருவியில் தண்ணீர் கொட்டுகிறதென்று ஆசிரியர்கள் எல்லோரும் குற்றாலத்துக்குக் கிளம்பினோம். கீழே வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். பையன்கள் ஒருவனைப் பார்த்து ஒருவன் காப்பியடிப்பார்களே என்று, துண்டைத் தோளில் போட்டபடி நாற்பது ஹோம் ஃபோல்டரையும் பூட்டிவிட்டு ஓடியிருக்கிறேன்.

"யாராம்?" என்றார் முதல்வர்.

"அதை சாரே சொல்வாங்க" என்றாள் வேல்விழி.

வராந்தாவுக்குப் போனேன். முதல்வரும் பின்னால் வந்தார். "ஏலே சுபாஷ், நான்தாம்லே பூட்டினேன். உன்மேல தப்பே இல்ல. மன்னிச்சிருடே."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்போ நான் பரீட்சை எழுதலாமா சார்?"