குழாய் அழுத காரணம்

என் வீட்டுக்காரருக்குக் காது நன்றாகவே கேட்கும். நான் பேசினால் மட்டும் அது அவருக்கு உதாரணமாகக் கேட்கும். மனிதர் தமிழ் வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முன்னறையில் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அணி இலக்கணம் நடத்துவார். அணி என்றால் பேச்சுக்குப் போடுகிற நகை என்று முதல் நாளே சொல்லிவிடுவார். பேச்சுக்கு இவ்வளவு நகை போட்டவர் பெண்டாட்டிக்கு ஒரு குண்டுமணித் தங்கம் வாங்கியதில்லை, அது வேறு கதை.

உதாரணம் வேண்டுமென்றால் புத்தகத்தைப் புரட்ட மாட்டார். அடுப்படிப் பக்கம் திரும்புவார்.

"சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு என் உயிரே போச்சு" என்று நான் கத்தினால், "உயர்வு நவிற்சி! உள்ளதைவிடப் பெருசாக்கிச் சொல்றது, எழுதிக்குங்க" என்பார். "ஆமா, உங்கள மாதிரி பொறுப்பான மனுஷன் உலகத்துல உண்டா?" என்று பல்லைக் கடித்தால், "வஞ்சப் புகழ்ச்சி! புகழுற மாதிரி திட்டுறது" என்று பலகையைத் தட்டுவார். பிள்ளைகள் கொல்லென்று சிரிக்கும். என் கோபத்தை எழுதி மார்க் வாங்கிய பிள்ளைகளில் ஒன்றாவது வந்து நன்றி சொன்னதில்லை.

அடுப்படிக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. "வாஷர் தேஞ்சு போச்சு, மாத்தணும்" என்றேன். வந்து பார்த்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"நீ படுற பாட்டப் பாத்து இந்தக் குழாயே கண்ணீர் விடுது பாரேன்!"

அன்று வகுப்பில் தற்குறிப்பேற்றம் நடந்தது. தானாக நடக்கிற ஒன்றுக்குக் கவிஞர் தன் மனசிலிருந்து ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்வதாம். குழாய்க்குக் காரணம் கிடைத்தது, வாஷர் கிடைக்கவில்லை. நான் அடியில் ஒரு வாளியை வைத்தேன்.

எனக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். எழுத்துப் பலகைக்கு எதிரே ஆளை உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பேன். ஃப்ரேமுக்குத் தக்கபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவதும் நான்தான். முதலாளி வெளியூரில் இன்னொரு கடை திறந்தார். "அத நீங்கதாம்மா பாத்துக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லுங்க" என்றார். அந்த ஊர் பஸ்ஸில் அரை நாள் தூரம். எனக்கு ஆசையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இவர் "போகாதே" என்று சண்டை போட்டாலும் சரி, "போ, நானும் மாற்றல் கேட்டு வர்றேன்" என்றாலும் சரி. எனக்கு ஒரு பதில் வேண்டும்.

காபி கொடுக்கும்போது பேச்சை எடுத்தேன்.

"புதுக் கடைக்கு என்னைக் கூப்பிடுறாங்க. இந்த வீட்டுல நான் ஒரு நாற்காலி. இல்லாமப் போனாத் தேடுவீங்களான்னுகூடத் தெரியல."

"உருவகம்! 'மாதிரி', 'போல' எதுவும் இல்லாம நாற்காலியாவே ஆயிட்ட பாரு. பிரமாதம்!"

நாற்காலியைச் சேர்த்தது என் தப்பு என்று நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை வகுப்பு நடக்கும்போதே முன்னறைக்குப் போய் நின்றேன். நகை நட்டு எதுவும் போடாமல் கேட்டேன்.

"என்னங்க, வெளியூர்ல வேலைக்குச் சேரலாம்னு இருக்கேன். நாளைக்குள்ள சொல்லணும். போகட்டுமா?"

அவர் முகம் மலர்ந்தது. பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? கேள்வி மாதிரி இருக்கும், ஆனா கேக்குறவங்க பதில எதிர்பாக்க மாட்டாங்க."

"நான் எதிர்பாக்குறேங்க."

பிள்ளைகள் சிரித்தன. அவரும் சிரித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் முதலாளியிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி கட்டினேன். வாசற்படியில் நின்று ரசித்தார்.

"பெட்டி! பிரிவுக்கு நல்ல குறியீடு."

"பெட்டிக்குள்ள துணி இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

புதன்கிழமை புதுக் கடையில் ஒரு பெரியவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"வாளி நிரம்பி வழியுது" என்றார். குரல் கம்மியிருந்தது. "நீ இல்லன்னு குழாய் அழுவுது. வீடே அழுவுது."

"குழாய் அழாதுங்க. வீடும் அழாது. யாரு அழுவுறா?"

வாளியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. பெரியவர் பாவம், பலகையின் கடைசி வரியைத் தானே படிக்க ஆரம்பித்துவிட்டார்.

"நான்தான்" என்றார். "நான்தான் அழுவுறேன். நீ சொன்னது ஒண்ணுகூட நான் கேக்கல."

உள்ளதை உள்ளபடி சொல்வதற்கும் அவர் இலக்கணத்தில் பெயர் உண்டு. தன்மை நவிற்சி. பரீட்சையில் அவ்வளவாக வராது என்று அதை மட்டும் வருஷா வருஷம் தாண்டிவிடுவார். நான் பெயரைச் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கிழமை கடை லீவு. வாங்க. வர்றதுக்கு முன்னாடி அந்த வாஷர மாத்திட்டு வாங்க."

போனோடு குழாயடிக்குப் போய்விட்டார் போல, சொட்டுகிற சத்தம் பக்கத்தில் கேட்டது.

"வாஷர்னா எதும்மா? அது எங்க கிடைக்கும்?"

கல்யாணமான நாளாக என்னிடம் அவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது. பெரியவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, நிதானமாகப் பதில் சொன்னேன்.