கடைசி வரிசைக் கற்கள்

செகாவா டோக்கியோவிலிருந்து வந்த இன்ஜினியர். நல்ல மனிதர்தான், ஆனால் கடலில் கால் நனைத்தவர் இல்லை.

"வடக்கு மூலை ஏழு சென்டிமீட்டர் உசந்திருக்கு. மெஷின் காட்டுது. பெட்டி சாஞ்சிடும். வேற ஊர் ஆளுங்களத்தான் கூப்பிடணும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அலைத்தடுப்புச் சுவருக்கான கான்கிரீட் பெட்டி மறுநாள் காலை வருகிறது. மூன்று மாடி உயரம். அது உட்காரும் கல் படுக்கையைக் கடலடியில் இருபது நாளாகச் சமன் செய்தவர் என் கணவர் கியோமாட்சு. கடப்பாரையும் ஒரு நீள இரும்புச் சட்டமும்தான் அவருடைய கருவிகள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது. எங்கள் தானெயிச்சி ஊர்க்காரர்களை ஜப்பான் முழுக்கக் கூப்பிடுவதே இந்த வேலைக்குத்தான். எங்களை விட்டு வேற ஊர் ஆளா?

"உங்க மெஷின் கீழ எறங்கிப் பாத்துச்சா, செகாவா சார்?" என்றேன்.

கியோமாட்சு பித்தளைத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அவருடைய கயிற்றையும் காற்றுக் குழாயையும் பிடிப்பது என் வேலை.

ஒரு மணி நேரமாயிற்று. "பாத்தீங்களா, கல்ல ஒடைக்கிறாரு" என்றார் செகாவா.

"நெம்புனா கயிறு வெட்டி வெட்டி இழுக்கும். அவர் கடப்பாரையத் தொடவே இல்ல. என்னமோ பொறுக்கிட்டிருக்காரு" என்றேன்.

கூடை மேலே வந்தது. உள்ளே கொத்துக் கொத்தாகக் கடற்பாசி, அதைத் தின்ன வந்த, முள் உருண்டை போன்ற கடல் முள்ளெலிகள். மூலையில் குவிந்து கிடந்த இவற்றைத்தான் மெஷின் கல் என்று காட்டியிருக்கிறது. மறுபடி அளந்தபோது மெஷின் இரண்டு சென்டிமீட்டர்தான் காட்டியது.

"வேற ஊர் ஆளுங்களக் கூப்பிடுங்க. இந்த முள்ளெலிய வெச்சே எல்லாருக்கும் விருந்து வைக்கிறேன்" என்று சிரித்தேன். செகாவாவின் காது சிவந்தது.

அந்த நேரம் பார்த்து மேலேறி வந்த கியோமாட்சு, கவசத்தைக் கழற்றியதும் வாயைத் திறந்தார்.

"தெக்கு ஓரத்துல கடைசி வரிசையில மூணு கல்லு ஆடுது. மிதிச்சுப் பாக்காம விட்டுட்டேன். என் தப்பு."

படுக்கையைச் சமன் செய்த பிறகு கடலடியில் கால் ஊன்றப் போடும் ஈயச் செருப்போடு ஒவ்வொரு கல்லையும் மிதித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஆடும் கல்லை எந்த மெஷினும் காட்டாது. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஜெயித்த கையோடு இப்படித் தலையைக் கொடுக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம்தான் உறைத்தது. நான்கு நாள் முன்பு காற்று எழும்பியதும் கயிற்றை இழுத்து அவரை மேலே வரச் சொன்னவள் நான். "கடைசி வரிசை பாக்கி, நாளைக்கு ஞாபகப்படுத்து" என்றார். எந்த வரிசை முடிந்தது, எது பாக்கி என்று நினைவு வைப்பது கயிறு பிடிப்பவளின் பொறுப்பு. நான் மறந்துவிட்டேன்.

"அவர் தப்பில்ல. சொல்லியிருந்தாரு, நான்தான் மறந்துட்டேன்."

"மிட்சுயே, நீ சும்மா இரு."

"இருக்க மாட்டேன்."

செகாவா எங்களை மாறி மாறிப் பார்த்தார். "சொல்லாமயே இருந்திருக்கலாமே?"

"அந்தச் சொவருக்குப் பின்னால ஊர்ப் படகெல்லாம் நிக்கப் போகுது சார்" என்ற கியோமாட்சு கவசத்தை மறுபடி மாட்டினார். பொழுது சாயும்வரை கயிறு என் கையை வெட்டி வெட்டி இழுத்தது.

மறுநாள் பெட்டி இறங்கியது. சாய்வு ஒரே ஒரு சென்டிமீட்டர்.

செகாவா வேலை முடிந்ததற்குக் கையெழுத்துப் போடும் படிவத்தை நீட்டினார். கியோமாட்சு தன் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை என்னிடம் கொடுத்தார்.

"கயிறு பிடிக்கிறவங்களுக்குக் கட்டம் இல்லீங்களே" என்றார் செகாவா.

"அப்ப போடுங்க" என்றார் கியோமாட்சு.

செகாவா ஸ்கேலை எடுத்து அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டார். இருபத்திரண்டு வருஷமாகக் கயிறு பிடிக்கிறேன். என் பெயரைப் பெரிய எழுத்தில்தான் எழுதினேன்.