திரும்பிய முகம்

மூசி ஆற்றங்கரை வாழ்க்கையைப் படமெடுத்து வந்த ஹம்சா, தண்ணீரோரம் நின்றிருந்தாள். தன் அம்மாவின் அஸ்தியைக் கரைத்துவிட்டு வரதராஜன் படியேறிக்கொண்டிருந்தார். முதுகு மட்டுமே தெரிந்தது.

"அண்ணா, ஒரு நிமிஷம் இங்க பாருங்க!"

அவர் திரும்பினார். ஹம்சா படமெடுத்தாள்.

"எதுக்குடா திரும்பினே?" அவருடைய அக்கா பதறினாள். "கரைச்சவன் ஆத்தைத் திரும்பிப் பாக்கலாமா? அம்மா போகாம நின்னுடுவா!"

போன வருடம் தன் அப்பாவின் அஸ்தியைக் கரைத்துவிட்டு ஹம்சாவும் இதே படிகளைத் திரும்பாமல்தான் ஏறியிருந்தாள். முகம் சுண்டிப்போக, மன்னிப்புக் கேட்க அவர்களிடம் ஓடினாள். வரதராஜன் முந்திக்கொண்டார்.

"படம் நல்லா வந்துச்சாம்மா?"

கண்ணீர்கூடத் தெளிவாக வந்திருந்தது. அவள் கேமராத் திரையைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"இல்லண்ணா, சரியா விழல."

"அடடா, நான்தான் அசைஞ்சுட்டேன்போல. மன்னிச்சுக்கம்மா," என்றார் அவர்.